மாரியில் பார்த்த காணி

அம்மம்மாவின் காணி திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் இருக்கிறது. 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். கிழக்கே கிறவல் ரோட்டு, மேற்கே வயல்வெளி, வடக்கே வயலுக்குத் தண்ணீர் போகும் ஒரு சிறு வாய்க்கால், தெற்கே சின்னம்மாவின் வளவு. எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைக்கு என்பதுதான் வழக்கம். அப்படி அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும் வந்த காணி அது. நானும் இவரும் திருமணமான நாளிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடக் கூட, ஊரில் போய் இருக்க வேண்டும் என்ற பேச்சும் கூடியது. 2021-இல் ஒரு நாள் சரி, கட்டுவோம் என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்த உடனே நாங்கள் செய்த முதல் வேலை பிளான் கீறக் கொடுத்தது. அதுதான் பிழை. பிளான் கீறியவர் காணியை வந்து பார்க்கவில்லை. நாங்களும் வாருங்கள் என்று கேட்கவில்லை. நில அளவைப் படத்தின் போட்டோக் கொப்பியையும், எத்தனை அறை வேண்டும் என்ற கணக்கையும் கொடுத்தோம். 2 கிழமையில் அழகான படம் வந்தது. முன்னுக்கு விறாந்தை, நடுவே ஹோல், 3 அறை, உள்ளேயே குசினி. ரோட்டிலிருந்து பார்த்தால் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று, காணியின் வடகிழக்கில் வீட்டை வைத்திருந்தார். ஆடி மாதம் போய் நின்று பார்த்தோம். தரை மட்டமாக, காய்ந்து, கிரிக்கெட் விளையாடலாம் போல இருந்தது. 4 முளை அடித்து, உச்சியில் சிவப்பு நாடா கட்டிவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. பொருளாதார நெருக்கடியில் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். 2021-இல் ஆயிரம் ரூபாய் சொச்சம் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022-இல் மூவாயிரத்தைத் தொட்டது. கம்பி, ஓடு, வயர் எல்லாம் அதே போக்கு. கையிலிருந்த காசுக்கு அத்திவாரம் மட்டும்தான் வரும் என்று தெரிந்ததும் நிறுத்தினோம். அந்த நாட்களில் எனக்கு அது பெரிய துக்கம். இன்று நினைத்தால், அந்தத் தாமதம் இல்லாவிட்டால் நாங்கள் தண்ணீருக்குள் வீடு கட்டியிருப்போம்.

2022 கார்த்திகையில், 3 நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, சின்னம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். “பிள்ளை, உன்ட முளையளை வந்து பார்” என்றார். அடுத்த நாள் காலை நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. வளவின் வடக்குப் பாதி முழுக்க வாய்க்கால் எது, காணி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். எங்கள் 4 முளையில் இரண்டின் உச்சி மட்டும் வெளியே நின்றது; சிவப்பு நாடா நனைந்து தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் நிற்கவில்லை என்பதைத்தான் நான் கூர்ந்து பார்த்தேன். அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, எங்கள் ஹோல் வர வேண்டிய இடத்துக்கு ஊடாக. ஒரு காய்ந்த தென்னம்பாளை அந்த வழியே வந்து, ஒரு முளையில் தட்டி, திரும்பி, வாய்க்கால் பக்கம் போனது. அம்மா குடைக்கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்துக் காட்டினார். பிறகு அளந்து பார்த்தேன்: 14 அங்குலம்.

முழு வளவிலும் நனையாமல் இருந்தது ஒரே ஓர் இடம். தென்மேற்கில், புளியமரத்துக்குச் சற்றுக் கிழக்கே, அம்மம்மாவின் பழைய மண்வீடு நின்ற திட்டி. 90-ஆம் ஆண்டு யுத்தத்தால் இடம்பெயர்ந்து போனபோது விட்ட வீடு. திரும்பி வரும்போது கூரையும் இல்லை, சுவரும் இல்லை, மண்ணாலான திட்டி மட்டும் பற்றை மூடிக் கிடந்தது. அந்த இடத்தில் கட்ட வேண்டாம் என்று வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் அங்கே கட்ட மனம் வரவில்லை, அதனால்தான் பிளானும் வேறு பக்கம் போனது. அன்று அம்மா அந்தத் திட்டியில் ஏறி நின்றுகொண்டு, “அம்மா இதை அள்ளிக் கொட்டி உயர்த்தேல்லை, இது முதலே மேடு. மேட்டைப் பார்த்துத்தான் வீடு வைச்சவ” என்றார்.

அந்தப் பிளானை அன்றே விட்டோம். ஒரு வருடம் எதுவும் கட்டாமல் காணியைப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். வீடு கட்டப் போகிறேன் என்று என்னிடம் கேட்கிற எவருக்கும் நான் சொல்வது இதுதான்: காசு தயாராக இருந்தாலும் ஒரு மாரியும், மேற்கிலிருந்து சுடுகாற்று வீசும் ஒரு கச்சான் காலமும் காணியைப் பார்த்துவிட்டுக் கோடு கீறுங்கள். திருகோணமலைக்கு வருடத்தில் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் காணி உங்களிடம் உண்மை பேசாது. தரகர் காணி காட்டுவது பெரும்பாலும் ஆனி, ஆடியில்தான்.

அந்த ஒரு வருடத்தில் என்னென்ன பார்த்தோம் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவை இவை.

முதலில் மட்டம். கண்ணுக்குச் சமதரையாகத் தெரிந்த காணி எவ்வளவு சரிகிறது என்று பார்க்க, 60 அடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, பெரிய மாமாவும் இவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். அதை வெளியேற்றவே அரைமணி நேரம் போனது. தெற்கு எல்லையிலிருந்து வடக்கு வாய்க்கால் வரை 136 அடிக்கு 2 அடி 4 அங்குலம் இறக்கம். திட்டி அதற்கும் மேலே இன்னும் ஒன்றேகால் அடி. வெள்ளம் வந்த நாளில் புளியமரத்து அடியில் நான் ஆணி அடித்து அடையாளம் வைத்திருந்தேன். அந்த ஆணியின் மட்டத்தைத்தான் இப்போது வீட்டின் எல்லா உயரங்களுக்கும் தொடக்கமாக வைத்திருக்கிறோம். 2011 தை மாத வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று சின்னம்மா தன் வீட்டுச் சுவரில் காட்டினார். அது என் ஆணிக்கு 7 அங்குலம் மேலே இருந்தது. வீட்டுத் தரை அதைவிட ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் மழைத்தண்ணீர் மட்டுமில்லை. மேலே கந்தளாய்க் குளம் இருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை எங்கள் பக்கத்து மூத்தவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு கிழமை, மழையே இல்லாத காலம். வயல் பிரதேசத்தில் வீடு வைக்கும்போது வாய்க்கால் எந்தப் பக்கம், வடிச்சல் எந்தப் பக்கம், மேலே எந்தக் குளம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பயத்தில் செய்கிற வேலை இல்லை. ஊரைத் தெரிந்துகொள்கிற வேலை.

அடுத்தது மண். 3 இடத்தில் 4 அடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்த்தோம். வடக்குப் பக்கம் முழுக்கக் கறுத்தக் களி. மாரியில் மண்வெட்டியை விட்டு இறங்காது. ஆவணியில் அதே மண் வெடித்து, வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. ஈரத்தில் ஊதி, காய்ச்சலில் சுருங்கும் மண் அது. அதன் மேல் கட்டிய சுவரில் ஒவ்வொரு வருடமும் கதவு மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். திட்டிக்குக் கீழே 2 அடியிலேயே சிவந்த இறுக்கமான மண் வந்தது. அத்திவாரத்துக்கு அதுதான் வேண்டும். ஒரு நாள் கூலியில் தெரிந்துகொண்ட விஷயம். பிளானுக்குக் கொடுத்த காசில் பத்தில் ஒன்றுகூட வராது.

பிறகு வெயில். இதை நான் விரும்பிப் பார்த்தேன். வடக்குச் சுவர் எப்போதும் குளிர்ச்சி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நாங்கள் இருப்பது எட்டரைப் பாகை வடக்கில். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்துதான் விழுகிறது. ஆனி மாதம் மத்தியானம் ஒரு தடியை நட்டு நிழலைப் பார்த்தால் தெரியும், நிழல் தெற்கே விழும். அதாவது வருடத்தின் மிகவும் சூடான மாதங்களில் வெயில் வடக்குச் சுவரைத்தான் தொடும். அதனால் வடக்கிலும் 4 அடித் தாழ்வாரம் இறக்கியிருக்கிறோம். தெற்குச் சுவரில் மார்கழி, தை மாதத்து வெயில் விழுவது நல்லது. மாரி ஈரத்தை அதுதான் உலர்த்தும்.

கச்சான் காற்றைப் பற்றி எங்கள் ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. வைகாசியிலிருந்து மேற்குப் பக்கமிருந்து வயலைத் தாண்டி வரும், அடுப்புக்கு முன்னால் நிற்பது போல. உடுப்பு அரைமணியில் காய்ந்துவிடும், உதடு வெடிக்கும். பழைய பிளானில் அம்மாவின் அறை மேற்கில் பெரிய ஜன்னலோடு இருந்தது. இப்போது மேற்கில் குளியலறை, சாமான் அறை, ஒரு அலுமாரிச் சுவர் என்று மனிதர் படுக்காத இடங்களை வைத்திருக்கிறோம். மேற்குச் சுவர் மட்டும் 9 அங்குலச் செங்கல். மற்றவை 6 அங்குலச் சீமெந்துக் கல். புளியமரம் அந்தப் பக்கத்தில் நிற்பது பெரிய கொடை. ஆனால் அதற்கும் வீட்டுக்கும் 30 அடி விட்டிருக்கிறோம். புயல் வந்தால் கொப்பு கூரையில் விழக் கூடாது, வேரும் அத்திவாரத்துக்கு வரக் கூடாது.

மாரியில் காற்று எதிர்ப்பக்கம். வடகிழக்கிலிருந்து வாடையோடு மழை சாய்ந்து அடிக்கும். வாசல் கிழக்கே பார்ப்பதால் விறாந்தையை 8 அடி அகலத்துக்கு எடுத்தோம். 5 அடி விறாந்தைகளில் கதிரை நனைவதை ஊரில் எத்தனையோ வீட்டில் பார்த்தோம்.

குசினி விஷயத்தில் சாத்திரியார் நிலையம் எடுத்து (சாத்திரப்படி இடம் குறித்து) சொன்னதும், நாங்கள் காற்றைப் பார்த்துச் சொன்னதும் ஒன்றாகவே வந்தது. அக்கினி மூலை என்றார், தென்கிழக்கு. கச்சான் வீசும் மாதங்களில் தென்கிழக்கில் எரியும் விறகடுப்பின் புகை வீட்டுக்குள் வராமல் ரோட்டுப் பக்கம் போய்விடும். வாடைக் காலத்தில் கொஞ்சம் உள்ளே திரும்பும். அதற்காக விறகடுப்பைத் தனியாக ஒரு கொட்டிலில் வைத்துவிட்டோம், காஸ் அடுப்பு மட்டும் உள்ளே. சாத்திரத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அதில் மரியாதை வந்தது அந்தப் புகையைப் பார்த்த பிறகுதான்.

கிணறு பழைய கிணறு, ஈசான மூலையில், அம்மம்மா காலத்துக் கட்டுக்கிணறு. அதை வைத்துத்தான் மலக்குழியின் இடத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி விட வேண்டும். எங்கள் காணியில் நிலத்தடித் தண்ணீரும் கிணற்றுப் பக்கமாகத்தான் இறங்குகிறது என்பதால் கூடுமான வரை தள்ளினோம். இப்போது 84 அடி. எங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது. சின்னம்மாவின் கிணற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தோம், 62 அடி. ஊரில் எத்தனையோ சண்டை இந்த ஒரு அளவை எடுக்காததால் வந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. மாரியில் எங்கள் கிணற்றில் குனிந்து கையால் தண்ணீர் அள்ளலாம். கிணற்றில் தண்ணீர் அவ்வளவு மேலே நிற்கிறது என்றால் நிலத்துக்குள்ளும் அங்கேதான் நிற்கிறது. அந்த நாட்களில் நிலத்துக்குள் ஆழமாக வெட்டிய ஊறல் குழி, அதாவது மலசலகூடத் தாங்கியின் கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி, எதையும் உறிஞ்சாது. நிரம்பித் திரும்பி வரும். கார்த்திகை, மார்கழியில் மலசலகூடம் வேலை செய்யாத வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அதனால் குழியைப் பாதிக்கு மேல் நிலமட்டத்துக்கு மேலே, மண் அணைத்துத் திட்டியாகக் கட்டச் சொன்னோம். குழி உயர்ந்தால் தாங்கி உயர வேண்டும், தாங்கி உயர்ந்தால் குளியலறைத் தரை உயர வேண்டும், அப்படியானால் முழு வீட்டுத் தரையும். எங்கள் வீட்டின் உயரத்தை முடிவு செய்ததில் வெள்ளத்துக்குச் சமமான பங்கு இந்தக் குழிக்கு உண்டு.

கடதாசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுடையது உறுதிக் காணி, அதாவது பத்திரம் உள்ள சொந்தக் காணி, அதனால் சுலபம். 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகத்தில் பெயர் மாற்றம், வாரிசு எல்லாம் முதலில் சரியாக இருக்க வேண்டும். பெர்மிட் தாத்தா பெயரில் இருக்க, பேரன் கட்டிய வீடுகளுக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் அலைவதைப் பார்த்திருக்கிறேன். வயல் காணியை மண் போட்டு நிரப்பி வீடு கட்ட நினைப்பவர்கள் கமநல சேவை நிலையத்தில் கேட்காமல் ஒரு டிப்பர் மண்கூடப் பறிக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடலோரமாக 300 மீட்டருக்குள் காணி என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் வரும். பிரதேச சபை அனுமதி எல்லோருக்கும் பொது. ரோட்டிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் எவ்வளவு விட வேண்டும் என்பதைப் பிளான் கீறுவதற்கு முதலே அங்கே கேட்டுக்கொண்டால் இரண்டாம் முறை கீறத் தேவையில்லை.

எவ்வளவு பெரிய வீடு என்பதில்தான் வீட்டில் அதிகம் பேச்சு நடந்தது. 2012-இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்கள் மாவட்டத்திலும் நிறையப் பேருக்கு வீடு கிடைத்தது. 550 சதுர அடி, ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாகக் காசு. அகதி முகாமிலும் தகரக் கொட்டிலிலும் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு ஒரு வீடு கிடைக்கிறது என்றால், பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்று அத்திவாரத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடத்தான் தோன்றும். அப்படிப் போட்டு, நகையை அடகு வைத்து, இன்னும் பூச்சில்லாமல் இருக்கும் வீடுகளில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், என்னோடு படித்தவள், சொன்னாள்: “கூரை போடக் கூடிய அளவுக்கு மட்டும் அத்திவாரம் போடு. மிச்சத்துக்கு இடம் விடு.” அதைத்தான் செய்தோம். 3 அறையை இரண்டாக்கினோம். தெற்குப் பக்கம் பின்னால் ஓர் அறை சேர்க்கும்படி, சுவரில் இப்போதே ஒரு கதவளவுக்கு லிண்டல் போட்டு, கல்லால் அடைத்து வைத்திருக்கிறோம். பிறகு சுவரை உடைக்கத் தேவையில்லை, அடைப்பை எடுத்தால் போதும்.

2024 தைப்பொங்கல் முடிந்து, தண்ணீர் வடிந்து, நாள் பார்த்து நூல் கட்டினோம். மேசன் அண்ணன் வயதில் என் அப்பாவுக்குக் கிட்ட வருவார், ஆனாலும் ஊரெல்லாம் அண்ணன்தான். வீட்டு அளவை 36 அடி, 27 அடி என்று வைக்கச் சொன்னது அவர். எனக்கு 35-க்கு 28 இருந்தால் என்ன என்று இருந்தது. “தங்கச்சி, 36-க்கு 27 எண்டால் மூலைக்கு மூலை சரியா 45 அடி வரும். கணக்குத் தெரியாதவனும் பிழை பிடிக்கலாம்” என்றார். 3, 4, 5 கணக்குத்தான், ஒன்பதால் பெருக்கியது. பள்ளிக்கூடத்தில் பைதகரஸ் தேற்றம் படிப்பித்த நான் அதை வளவில் ஒருவர் நூலோடு செய்து காட்டியபோது அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

4 மூலையிலும் முளை அடித்து ஆணி வைத்து நூல் இழுத்ததும், ஒரு மூலைக்கு 45 அடி 1 அங்குலம் வந்தது. மற்ற மூலைக்கு 44 அடி 11 அங்குலம். 2 அங்குல வித்தியாசம். எனக்கு அது ஒன்றுமில்லைப் போல இருந்தது. அவர் பேசவில்லை. பின்பக்கத்து 2 ஆணியையும் பிடுங்கி, அந்தக் கோட்டிலேயே ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட நகர்த்தி, மறுபடி அடித்தார். நூலைத் தட்டிப் பார்த்தார், அது நரம்பு போல அதிர்ந்தது. மறுபடி அளந்தோம். 45. மற்றது, 45. அதன் பிறகுதான் வெற்றிலை போட்டார். அந்த 2 அங்குலத்தை விட்டிருந்தால் அது தரை ஓடு பதிக்கும்போது ஒரு பக்கம் முழு ஓடாகவும் மற்றப் பக்கம் ஆப்பு வடிவத் துண்டாகவும் வந்திருக்கும், கூரைச் சலாகையில் ஓடு நேராக உட்காராமல் மழை ஒழுகியிருக்கும் என்று பிறகு விளக்கினார்.

அத்திவாரம் கருங்கல், 3 அடி ஆழம், அதன் மேல் சுற்றிவரக் கம்பி கட்டிய கொங்கிறீட் பட்டி. சுவர் மேலேயும் அப்படி ஒன்று. இந்த மேல் பட்டிக்குள் கூரைக்கான இரும்புப் பட்டைகளை முன்பே விட்டுக் கொங்கிறீட் போட்டோம். புயல் கூரையைத் தள்ளுவதைவிட மேலே தூக்குவதுதான் அதிகம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியபோது நாங்கள் டவுனில் வாடகை வீட்டின் தகரம் படபடப்பதைக் கேட்டுக்கொண்டு விடியும் வரை இருந்தோம். அந்தச் சத்தம் மறக்காது. கைமரம் ஒவ்வொன்றும் அந்த இரும்புப் பட்டையில் பூட்டப்பட வேண்டும் என்று கூரை வேலை செய்யும் தச்சரான ஓடாவியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். 4 பக்கமும் சரிவான கூரை, ஓடு. விறாந்தைக் கூரையைத் தனியாக, வீட்டுக் கூரையிலிருந்து ஒரு படி கீழே இறக்கியிருக்கிறோம். நீண்ட தாழ்வாரத்துக்குக் கீழேதான் காற்று முதலில் பிடிக்கும். போனால் அது மட்டும் போகட்டும், வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வந்த 2 கியூப் (200 கன அடி) மணலில் ஒரு பிடியை ஜாம் போத்தலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, இரவு முழுக்க வைத்தோம். காலையில் மணலின் மேல் ஒரு விரல் தடிப்புக்குச் சேறு படிந்திருந்தது. மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அது கட்டிட வேலைக்கு ஆகாது. நிரப்புவதற்கு அதை வைத்துக்கொண்டு வேறு மணல் எடுத்தோம். கரையோரத்தில் கட்டுபவர்கள் நாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பு மணல் உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும்.

கச்சானில் கொங்கிறீட் போடுவது தனிக் கவலை. லிண்டல் போட்டது ஆனி மாதம். காலை 10 மணிக்கு மேல் போட்டால், மாலைக்குள் மேலே மயிரிழை போல வெடிப்பு ஓடிவிடும், காற்று ஈரத்தை அவ்வளவு வேகமாக உறிஞ்சும். அதிகாலை ஐந்தரைக்குக் கலவை தொடங்கி, முடிந்த உடனே நனைந்த சாக்குப் போட்டு மூடினோம். 10 நாள், காலை, மத்தியானம், மாலை என்று தண்ணீர் விட்டது சின்னம்மாவும் அம்மாவும். முழங்கால் வலியோடு வாளி தூக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார் அம்மா; கடைசியில் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்தோம்.

யானையையும் மறந்துவிடக் கூடாது. கந்தளாய்ப் பக்கமிருந்து அறுவடைக் காலத்தில் வரும். வீட்டுக்குள் நெல்மூட்டை இருந்தால் மணத்துக்குச் சுவரை உடைக்கும். சின்னம்மாவின் அயலில் ஒரு வீட்டுக் குசினி அப்படிப் போனது. நெல் வைக்க எங்கள் வீட்டில் அறையே இல்லை. வாழையை வீட்டு ஓரத்தில் வைக்காமல் ரோட்டுப் பக்கம் தள்ளி வைக்கப் போகிறோம்.

இப்போது ஆவணி. சுவர் எழும்பி, மேல் பட்டி போட்டாகிவிட்டது. ஓடாவி வளை ஏற்றிவிட்டார், கைமரம் பாதி. ஐப்பசிக்கு முன் ஓடு போட்டு முடிக்க வேண்டும். கூரை 1,000 சதுர அடிக்கு மேல். ஓர் அங்குல மழை பெய்தால் அதில் 2,300 லீட்டருக்கு மேல் தண்ணீர் விழும். 3 பக்கம் பீலி வைத்து மழைநீர்த் தாங்கிக்கு எடுக்கிறோம், மிச்சம் வடக்கே, முன்பு எங்கள் முளை நின்ற தாழ்வுக்குப் போகும். அந்த இடத்தை நிரப்பவில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும், போகட்டும். அங்கே தென்னை வைக்கலாம் என்கிறார் பெரிய மாமா. கமுகு என்கிறார் சின்னம்மா.

அம்மாவின் அறை ஜன்னல் மட்டும் இன்னும் தீரவில்லை. கட்டிலில் படுத்தபடி படலை தெரிய வேண்டும் என்கிறார். அதற்கு ஜன்னலின் கீழ் விளிம்பு 2 அடி உயரத்தில் வர வேண்டும். மேசன் அண்ணன் 3 அடி விட்டிருக்கிறார், மழைச் சாரலுக்காக. போன ஞாயிறு அம்மா ஒரு கதிரையைக் கொண்டுபோய் கூரையில்லாத அந்த அறைக்குள் போட்டு, கட்டில் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நாளை மேசன் அண்ணன் வருகிறார், ஒரு வரிக் கல்லை எடுத்துவிடலாமா என்று கேட்க வேண்டும்.